மாஸ்டரின் இடது கை

ஒன்பது மணி நேரத்தில் பத்தொன்பது முறை. அத்தனை முறை அந்த இயந்திரம் ரகுபதியின் இடது கையைப் பிடித்து இறுக்கிவிட்டது. இன்னும் பதினைந்து மணி நேரம் பாக்கி.

காலை எட்டரைக்கு பாலிகிளினிக்கில் தாதி அதை மாட்டிவிட்டார். மேல்கையில் ஒரு பட்டை, அதிலிருந்து இறங்கும் குழாய், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. அரை மணிக்கு ஒருமுறை தானாகவே ரத்த அழுத்தம் பார்க்கும்.

"இறுக்கும்போது கைய அசைக்காதீங்க, பேசாதீங்க. மத்தபடி எப்பவும் செய்றதையே செய்யுங்க," என்று சொல்லி ஒரு தாளும் கொடுத்தார். அந்தந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அதில் எழுத வேண்டும்.

ரகுபதி எப்போதும் செய்வது, செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குச் சிரிப்பு வகுப்பு. சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பின்னால், தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பதினோரு ஆண்டுகளாக இலவசமாக நடத்துகிறார். மன உளைச்சலைச் சிரித்தே விரட்டுவது எப்படி என்று சொல்லித் தருவார். வகுப்பு முடியும்போது நெஞ்சைத் தட்டி, "அம்பத்தாறு வயசு, ஒரு மாத்திரை கிடையாது!" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை அது உண்மைதான். இப்போது அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு வைட்டமின் டப்பா இருக்கிறது. அதற்குள் இருப்பது வைட்டமின் அல்ல. அது மனைவி விசாலாட்சிக்கு மட்டும் தெரியும். அந்த மாத்திரையையும் மீறி அழுத்தம் ஏறுவதால்தான் இந்த இயந்திரம்.

"மனசுல டென்ஷன் ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டிருந்தார்.

"டாக்டர், டென்ஷன் குறைக்கக் கிளாஸ் எடுக்கிறவனே நான்தான்."

டாக்டர் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு ரகுபதியைப் பார்த்தார்.

ஐந்தரை மணிக்கு ரகுபதி முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"முப்பத்திமூணு டிகிரி வெயில்ல முழுக்கையா?" என்றார் விசாலாட்சி.

"கொஞ்சம் குளுருது."

"ஓ, குளுருதா!" விசாலாட்சி தாளை இழுத்து எழுதினார்: ஐந்தரை மணி. பொய் சொல்லத் தயாராகிறார்.

"அத டாக்டர் படிப்பாரு, விசா."

"படிக்கட்டும்லா. எந்த நேரத்துல எகிறுதுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

"விளையாடாதே. பதினோரு வருஷமா மாஸ்டர்னு கூப்பிடுறாங்க."

"மாஸ்டருக்குப் பிரஷர் வரக்கூடாதுன்னு சட்டமா? சொல்லிட்டீங்கன்னா பாதி இறங்கிடும்."

ரகுபதி ஆறு மணி இறுக்கலை லிஃப்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டு கீழே போனார். தாளும் பேனாவுமாக விசாலாட்சியும் பின்னாலேயே போனார்.

அன்று பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஹோ ஹோ, ஹா ஹா என்று ஆரம்பித்து, சிங்கச் சிரிப்பு முடிந்து, மோர் கடையும் சிரிப்புக்கு வந்தபோது மணி ஆறரை. சட்டைக்குள் பட்டை உறுமிக்கொண்டு இறுகியது. ரகுபதி அப்படியே நின்றுவிட்டார். இடது கை தொங்கியது. வாய் இறுக மூடியிருந்தது.

பதினான்கு பேரும் அவரைப் பார்த்தார்கள். பதினான்கு இடது கைகள் தொங்கின.

"புதுப் பயிற்சியா மாஸ்டர்?" ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர் ஹுசைன் கேட்டார். "கை நேராவா, கொஞ்சம் மடக்கியா?"

பதில் வரவில்லை.

"நேராதான்," என்று அவரே முடிவு செய்தார். "பேசவும் கூடாது போல. கஷ்டமான பயிற்சி."

தூணுக்கு அருகில் நின்ற விசாலாட்சி வாயைப் பொத்திக்கொண்டு எழுதினார்.

ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. நெஞ்சைத் தட்டும் நேரம். ரகுபதி கையை உயர்த்துவதற்குள் முனீரா முன்னால் வந்தார். டன்லப் ஸ்திரீட்டில் தையற்கடை வைத்திருப்பவர். தீபாவளி வரப்போவதால் கடையில் ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. இரண்டு வாரமாகச் சரியான தூக்கமில்லை.

"மாஸ்டர், இன்னிக்கு நான் சொல்றேன். எனக்கு நாப்பத்தொம்பது வயசு, ஒரு மாத்திரை கிடையாது!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

"உங்களுக்குப் பிரஷர் மாத்திரை இருந்துச்சே?" ரகுபதியின் குரல் இறங்கியது.

"நிறுத்திட்டேன், மூணு வாரமாச்சு. மாஸ்டரே சிரிச்சே சமாளிக்கிறாரு, எனக்கென்னன்னுதான்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"காலையில பின்மண்டை வலிக்கும். சில நேரம் ஊசியில நூல் கோக்க முடியாம கண்ணு மங்கும். சிரிச்சா போயிடும்லா, நீங்கதானே சொன்னீங்க."

ரகுபதி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இயந்திரம் இறுக்கியது. கை தொங்கியது, வாய் மூடிக்கொண்டது. பதினான்கு பேரும் உடனே கையைத் தொங்கவிட்டு வாயை மூடினார்கள். எல்லோருக்கும் முன்னால் முனீரா, விறைப்பாக, வெகு சிரத்தையாக.

தூணருகே விசாலாட்சி பேனாவைத் தாள்மேல் வைத்திருந்தார். எழுதவில்லை.

நாற்பது நொடி. காற்று இறங்கியது. ரகுபதி மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். பட்டை வெளியே தெரிந்தது, குழாயும் தெரிந்தது.

"முனீரா, இப்பவே கிளினிக்குக்குப் போவோம், நானும் வரேன்," என்றார். "நான் நாலு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்."