மாடியிலிருந்த மாற்றுச் சாவி

திங்கட்கிழமை காலையில் கார் மறுபடியும் செத்துக் கிடந்தது. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே முன் கண்ணாடி வழியாக மாடியைப் பார்த்தாள். பால்கனியில் கொழுந்தன் பல் துலக்கிக்கொண்டு நின்றான்.

“என்ன அண்ணி, பெரிய மனுஷன் இன்னிக்கும் எந்திரிக்கலையா?”

அந்தப் பழைய காரை அண்ணனும் தம்பியும் பெரிய மனுஷன் என்றுதான் சொல்வார்கள். இப்போது சொல்வதற்குத் தம்பி மட்டும் இருந்தான்.

“இன்னொரு தடவை படுத்தா வித்துடலாம்னு நீங்கதானே சொன்னீங்க? என் ஆபீஸ்ல ஒருத்தர் வண்டியைக் கேட்டுட்டே இருக்கார். வரச் சொல்லவா?”

“முதல்ல மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும்” என்றாள்.

வித்துடலாம் என்றது அவள் எரிச்சலில் சொன்ன வார்த்தை. அதை இவன் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். கணவர் ஓட்டியவரை ஒரு நாளும் மக்கர் செய்யாத வண்டி, அவள் கைக்கு வந்ததும் இப்படி ஆனது. புது பேட்டரி போட்டும் அதே கதைதான். ஒரு ராத்திரி நின்றால் முக்கி முனகிக் கிளம்பும். சனி, ஞாயிறு வந்தால் போச்சு.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. பார்க்கும் எழுத்தையெல்லாம் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வேலைக்குப் பஸ்ஸிலும் போகலாம். ஆனால், அவர் போன பிறகு அவளைக் காலையில் கட்டிலைவிட்டு எழுப்பி வெளியே அனுப்பியது அவர் உட்கார்ந்து ஓட்டிய அந்தக் காரின் இருக்கை ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எதற்கும் “என்ன அவசரம்?” என்று கேட்பதால் மெக்கானிக்குக்குக் கடைத்தெருவில் ‘அவசரம்’ என்றே பெயர். வண்டியை இழுத்துப் போய்ப் பட்டறையில் சில நாள் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டான்.

“அக்கா, சார்ஜ் ஏத்திட்டுச் சும்மாவே போட்டு வச்சிருந்தேன். ஒரே திருகுல எந்திரிச்சுடுச்சு. வண்டில ஒண்ணுமில்ல. வீட்டைப் பாருங்க.”

வீட்டைப் பாருங்க. அந்தச் சொல் அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். மாற்றுச் சாவி மாடியில் இருந்தது. பட்டறையில் நன்றாக நிற்கும் வண்டி, இவள் வாசலில் மட்டும் எப்படிச் சாகும்? போன வாரம் ஒரு காலையில் முன் கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடி துடைக்க வந்த கை கதவைத் திறக்காமலா போயிருக்கும்?

அன்று சாயங்காலமே மாடிப்படியின் கீழே நின்று கேட்டாள்.

“தம்பி, அந்த இன்னொரு சாவி உங்ககிட்டதானே இருக்கு? குடுங்க.”

“எதுக்கு அண்ணி?”

“சும்மாதான். ஒரே இடத்துல இருக்கட்டுமேன்னு.”

 அவன் உள்ளே போய் எடுத்து வந்து, அவள் கையில் வைக்காமல் படியின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு ஏறிப் போனான். அதன் பிறகு பால்கனியிலிருந்து கிண்டல் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டு, எல்லாக் கதவு இடுக்கிலும் செல்லோ டேப் துண்டுகளை ஒட்டினாள். திங்கள் காலையில் ஒரு துண்டுகூட அசங்கவில்லை. பேட்டரி மட்டும் காலி.

இந்த முறை அவசரத்தை வீட்டுக்கே வரவழைத்தாள். அவன் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, நடுவில் மீட்டரைக் கோத்தான்.

“அக்கா, சும்மா நிக்கிற வண்டி கரன்ட்டைக் குடிக்குதே! எங்கிட்ட இருந்தப்போ பச்சத்தண்ணிகூடக் குடிக்கலையே.”

ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினான். உள் விளக்குகளுக்கான ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் அடங்கியது. திரும்பச் செருகினால் ஏறியது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு விளக்கும் எரியவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டுக் கொழுந்தன் இறங்கி வந்து தூணோரம் நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

அவசரம் ஆற அமர டீயைக் குடித்து முடித்துவிட்டு டிக்கியைத் திறந்தான். ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. “இது திறந்தா எரியும், மூடினா அணைஞ்சிரும். இதைக் கணக்குல எடுக்காதீங்க.”

அவள் குனிந்தாள். விளக்கின் மூடி ஓரம் பழுப்பேறி லேசாக உருகியிருந்தது. விரலை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“இப்பத்தானே திறந்தீங்க? அதுக்குள்ள எப்படி இப்படிச் சுடும்?”

அவசரம் வாயைப் பிளந்தான். டிக்கி மூடியைத் தடவினான், வண்டியைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துபோய் வீடு பள்ளத்தில் கிடந்தது. வாசலிலிருந்து சுவர் வரை ஒரே சரிவு. கார் மூக்கைக் கீழே குத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“அட! இதோட சுவிட்சு டிக்கி மூடியிலேயே இருக்குக்கா. உள்ள ஒரு சொட்டுப் பாதரசம். மூடியைத் தூக்கினா உருண்டு போய் விளக்கை ஏத்தும். நீங்க வண்டியையே தூக்கி நிறுத்தியிருக்கீங்க. திறந்துட்டாங்கன்னு அது நினைச்சுக்குது. என் பட்டறை சமதரை.”

தூணோரத்திலிருந்து குரல் வந்தது. “அண்ணன் எப்பவும் ரிவர்ஸ்லதான் உள்ள விடுவாரு.”

ஆமாம். தெருவையே மறித்துக்கொண்டு, ஹாரன் அடிப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, தினமும் பின்பக்கமாக இறக்குவார். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டால், “அப்பத்தான் காலைல கிளம்பும்” என்பார். அவளுக்கு ரிவர்ஸ் என்றாலே பயம். நேராகவே உள்ளே விடுவாள்.

“பல்பைக் கழட்டிட்டா தீர்ந்தது” என்றான் அவசரம்.

“வேண்டாம். அப்புறமும் படுத்தா, பல்பும் இல்லாம நான் யாரைச் சந்தேகப்படுறது?”

கொழுந்தன் சிரிக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

“கண்ணாடியைத் துடைச்சது நீங்கதானா தம்பி?”

“பறவை அசிங்கம் பண்ணியிருந்துச்சு” என்றான். சாவியை உடனே வாங்கவில்லை. பிறகு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “மேல தெருவுக்கு எடுங்க. நான் பின்னால நின்னு பார்க்குறேன்” என்றான்.

தெருவுக்கு ஏற்றி, பின்பக்கத்தை வாசலுக்குத் திருப்பினாள். கண்ணாடியில் அவன் தெரிந்தான். “வாங்க… வாங்க… ஸ்டியரிங்கை ஒடிங்க அண்ணி, இன்னும் ஒடிங்க! சுவரு, சுவரு!” ஒரு பக்கத்துச் சுவர் அவளுக்குத் தெரியவே இல்லை. அவன் கையை மட்டும் பார்த்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறக்கினாள்.

கார் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அவள் எஞ்சினை அணைத்தாள். அப்பத்தான் காலைல கிளம்பும். இந்த மனுஷனுக்கு விஷயம் தெரிந்தே இருந்திருக்குமோ? தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரோ?

அவரே உட்கார்ந்திருப்பதுபோல, காலியான பக்கத்து இருக்கையைச் சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள்.