தண்டபாணி பெயரில் ஒரு ரேகை

செய்யாத வழிப்பறிக்கு ஏழு வருஷம். அதில் இரண்டை என் புருஷன் பீம்ராவ் புழல் ஜெயிலில் கழித்துவிட்டார். மீதி ஐந்து என்ன ஆகும் என்பது திங்கட்கிழமை ஹைகோர்ட்டில் வரும் அப்பீலைப் பொறுத்தது. இன்று வெள்ளிக்கிழமை.

வக்கீல் மெஹ்னாஸ் வண்ணாரப்பேட்டைப் பெண். இலவச சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்தவள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் திட்டினால் பெற்றவள் மாதிரி திட்டுவாள்.

"முகத்தைப் பார்த்த சாட்சி ஒருத்தர்கூட இல்லக்கா. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம். கேமராவுல உங்க வண்டி நம்பர், ஹெல்மெட் போட்ட ஆளு இவர் உயரம், பறிச்ச பை உங்க ஹவுசிங்போர்டு பிளாக்குக்குப் பின்னாடி புதர்ல. இதையெல்லாம் நான் உடைச்சிருப்பேன். அந்தச் சங்கிலியில கடைசிக் கண்ணி நீங்க போட்டது."

இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்? எண்ணூர் நெடுஞ்சாலையில் நகைக்கடை ஆளைத் தள்ளிவிட்டுப் பையைப் பிடுங்கியது காலை பதினொரு மணிக்கு. அந்நேரம் அவர் என்னோடு வீட்டில் இருந்தார் என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். அதே பதினொரு மணிக்கு நான் ரேஷன் கடை மிஷினில் கைவிரல் வைத்த பதிவை அரசு வக்கீல் எடுத்து நீட்டினார். பொய் சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று தீர்ப்பிலேயே கேட்டிருந்தார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் புருஷனைக் கெடுத்தேன்.

உண்மையில் அந்நேரம் அவர் மணலியில் ஒரு எண்ணெய்த் தொட்டிக்குள் இருந்தார். என் அண்ணன் தண்டபாணியின் கேட் பாஸில்.

தொட்டி கழுவும் வேலையில் இது ஊரறிந்த விஷயம். ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவன் பாஸை மாட்டிக்கொண்டு தம்பியோ மச்சானோ போவான். முகமூடி போட்ட பிறகு யாருக்கு யாரைத் தெரியும்? அன்று அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு நாள் மட்டம் போட்டால் கான்ட்ராக்டர் பெயரை அடித்துவிடுவான். அதனால் பாஸைக் கொடுக்க வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணன் அங்கேயே படுத்துக்கொண்டான், இவர் அவன் பாஸை வாங்கிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினார்.

கைதானதும் கூடிப் பேசினோம். உள்ளதைச் சொன்னால் அண்ணன் வேலை போகும், ஆள்மாறாட்டக் கேஸும் வரும். "செய்யாதவன கோர்ட்டு இன்னா பண்ணிடும்? வூட்ல இருந்தாருனு சொல்லிக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அறிவு கெட்டவள், நான்தான்!

போன மாதம் ஜெயிலில் பார்த்தபோது அவர் ஒன்று சொன்னார். தொட்டிக்குள் இறங்குமுன் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தவன் கையெழுத்தைப் போடப் பயந்து, அவர் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். கேட்டதும் மெஹ்னாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"தண்டபாணி பேருக்கு நேரா பீம்ராவ் ரேகை இருந்தா போதும்க்கா, கேஸ் உடைஞ்சிடும். ஆனா நோட்டை கோர்ட் வரவழைக்கணும்னா, அன்னைக்கு நான் வேலைக்குப் போகலன்னு உங்கண்ணன் எழுதித் தரணும். நீங்க சொன்னா இனிமே யாரும் நம்ப மாட்டாங்க."

அவள் டைப் அடித்துக் கொடுத்த காகிதத்தோடு மணலி புதுநகர் போனேன். அண்ணன் அதை இரண்டு தரம் படித்தான். அண்ணி கெங்கம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"உன் வூட்டுக்காரரு வெளிய வரணும்னா நாங்க தெருவுல நிக்கணுமா?"

"நில்லுங்க! ரெண்டு வருசமா நான் நிக்கல? உன் புருசனுக்காவத்தான அந்தாளு தொட்டில எறங்குனாரு?"

"நீ சும்மா இரு கெங்கம்மா" என்றான் அண்ணன். என் பக்கம் திரும்பினான். "வேல போனா போவுது செங்கொடி. நான் அதுக்குப் பயப்படல."

"பின்ன இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?"

"தொட்டில நான் இல்லனு எழுதிக் குடுத்தா, எங்க இருந்தேனு கேப்பாங்க. உன் வூட்லதான் இருந்தேன். வண்டி கீழ நின்னுகினு இருந்திச்சி. நீயும் இல்ல. நானும் மச்சான் உசரந்தான். அவனுக்குப் போட்ட சங்கிலிய கயட்டி அப்டியே எனக்கு மாட்டிட மாட்டாங்களா?"

எங்கள் வண்டிச் சாவி வாசல் ஆணியில்தான் தொங்கும். பிளாக்கில் யாருக்கு அவசரமோ அவர்கள் எடுத்துப் போய்த் திரும்ப மாட்டுவார்கள். இதைக் கோர்ட்டில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

"நான் பண்ணலனு நீ நம்புறியா?" என்று அண்ணன் கேட்டான்.

கேட்ட வாய் மூடுமுன் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் இடுப்பு வலி நிஜம்தானா, நான் ரேஷன் கடையில் நின்ற நேரம் எவ்வளவு, பை எப்படி எங்கள் பிளாக்குக்குப் பின்னால் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஊர் என் புருஷனைப் பார்த்த பார்வையை நானே என் கூடப்பிறந்தவன் மேல் பார்த்தேன். அடிப் பாவி!

"நம்புறேண்ணா" என்றேன். அதற்குள் அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

பேனா கேட்டான். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவளை விலக்கிவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.

"திங்கக்கெழம நேர்லயும் வந்து சொல்றேன். மச்சான் வெளிய வரட்டும். அதுக்கப்பறம் அண்ணன் வூடுனு சொல்லிகினு நீ இங்க வராத."

அழுகை அடக்க முடியாமல் வந்தது. அழுதுகொண்டே பக்கங்களைச் சரிபார்த்தேன். எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. மன்னித்துவிடு என்று காலில் விழலாமா என்று தோன்றியது. அதற்குள் மனசு மாறிக் காகிதத்தைப் பிடுங்கிக்கொள்வானோ என்று பயந்து, அதை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.