வரைபடத்தின் மூலையில் ஒரு பெயர்

திரையில் விழுந்த வரைபடத்தின் வலது மூலையைத் தனப்பிரியா இரண்டு முறை படித்தாள். வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் குணசீலன் என்று இருந்தது. வரைபடத்தில் இருந்த குழாய்க் கவ்வியை ஏழு மாதம் உட்கார்ந்து வரைந்தவள் அவள். விற்பனை மேலாளர் குணசீலன் பேனாவைச் சட்டைப்பையில் அழகுக்கு வைத்திருப்பவர்.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டும் பட்டறை அது. துளை போடும்போது இருபதடி இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால்தான் பிடித்துச் சேர்ப்பார்கள். விரல் போகாத குழுவே கிடையாது. கை கிட்டே போகாமல் குழாயைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி அவள் கண்டுபிடித்தது. அது பிடித்துப்போனால் பத்து வண்டி வாங்குவதாகக் கென்யாவிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். யோசனை யாருடையதோ அவருக்கே புது டிசைன் பிரிவு என்று முதலாளி சின்னுசாமி சொல்லியிருந்தார்.

குணசீலன் இங்கிலீஷில் பொளந்து கட்டினார். "இட் ஜஸ்ட் கேம் டு மீ, சார். எ ப்ரெய்ன்வேவ்!" சட்டென்று மூளையில் உதித்ததாம். இந்த மாதிரி வார்த்தையெல்லாம் அவளுக்கும் தெரியும். சங்ககிரி பஸ்ஸில் தினம் ஒன்றாக டிக்கெட்டின் பின்னால் எழுதி மனப்பாடம் செய்தவள். ஆனால் வாயைத் திறக்க முடியாது. அதை அறிந்துதான் அந்த மனுஷன் இத்தனை தைரியமாகத் திருடினார்.

காரணம் ஒரு கட்டைவிரல். பட்டறைக்கு அமாவாசை விடுமுறை. அப்படியொரு அமாவாசையன்று, முதலாளிக்குத் தெரியாமல், துளை போடும் டிரில்லர் செங்கோடனும் அவளும் முதல் கவ்வியை மாட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் நழுவியது. செங்கோடனின் கட்டைவிரல் நுனி போனது. பட்டறையின் இரும்பு கேட்டில் நசுங்கியதாக முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். குணசீலனுக்கு மட்டும் எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. உண்மை வெளியே வந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். செங்கோடனுக்கு மகள் கல்யாணம் தையில்.

கென்யாக்காரர் மெதுவாகக் கேட்டார், முதல் முயற்சி எங்கே தோற்றது என்று.

"நோ ஃபெய்லியர், சார். ஃபர்ஸ்ட் டைமே பர்ஃபெக்ட்!"

அவர் முன்னாலிருந்த ஃபைலை மூடினார். ஒருமுறைகூடத் தோற்காததென்றால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம், என் ஆட்களின் கையில் சோதிக்க மாட்டேன் என்றார். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

பத்து வண்டியும் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. செய்முறை காட்ட வந்து கதவோரம் நின்ற செங்கோடனை அவள் பார்த்தாள். அவன் கையைப் பின்னால் மறைத்தான். வேண்டாம் என்கிறானா, பயமா, ஒன்றும் புரியவில்லை.

"சார்," என்று எழுந்துவிட்டாள். "வீ வென்ட் பேக் டு த ட்ராயிங் போர்டு."

"ஒய்?" என்றார் அவர்.

அதற்குமேல் படித்த வார்த்தை எதுவும் கைகொடுக்கவில்லை. செங்கோடன்தான் முன்னால் வந்து கையுறையைக் கழற்றி மேசைமேல் கையை வைத்தான். "இதனாலதானுங்க. ஸ்பிரிங் ஒத்தையா இருந்துச்சு. இப்ப ரெட்டை. அப்புறம் இருநூறு தடவ தூக்கிப் பாத்துட்டோமுங்க, நழுவல."

அவள் தட்டுத்தடுமாறி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கென்யாக்காரர் அந்த விரலை வெகுநேரம் பார்த்துவிட்டு மறுபடி ஃபைலைத் திறந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னுசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "கேட்டுல நசுங்குச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்க."

"பொய்யிங்க முதலாளி. தப்புத்தானுங்க," என்றாள் அவள்.

அவர் குணசீலன் பக்கம் திரும்பவேயில்லை. அச்சடித்த வரைபடத்தை இழுத்து, மூலையிலிருந்த பெயரை அழுத்தி அடித்துவிட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே செங்கோடன் என்றும் எழுதினாள்.

"செரி. ரெண்டு பேரும் பதினஞ்சு நாளைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. சம்பளமும் கெடையாது. பொறவு வந்து டிசைன் ரூமைத் தொறங்க," என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. செங்கோடன் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"ட்ராயிங் போர்டுன்னு என்னமோ சொன்னியே சாமி, அது என்ன?"

"நெனச்சது பலிக்கலைன்னா திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கறதுங்கண்ணா."

"அட, இதுக்கா இங்கிலீசு? எண்ணூறடி போட்டும் தண்ணி வராமப் பொகையாப் போச்சுன்னா, நாங்க வண்டியப் பத்தடி தள்ளி நிறுத்திருவோம். அவ்வளவுதான?"