பக்கத்துக் கடை பிரிண்டர்

நீல வட்டம் சுற்றத் தொடங்கி ஏழு நிமிடம் ஆகிவிட்டது. பிடிஎஃப் ஃபைலைத் திறந்தால் போதும், திரை வெளுத்து, மவுஸ் செத்து, கம்ப்யூட்டரே கல்லாகிவிடுகிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன். நான்காவது முறை. எங்கள் ஊர்ப் பொன்னழகு அக்கா ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு பத்து.

"எங்க வீட்டுக்காரரு மாதிரில இருக்கு இது. சுத்திக்கிட்டே இருக்கு, கூப்புட்டா ஏன்னு கேக்க மாட்டேங்குது" என்றாள். அவள் புருஷன் திருப்பூர் போய் நாலு வருஷம் ஆகிறது, ஒரு போன்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் வலையபட்டி அங்கன்வாடிக்கு ஒரு பணியாளர் வேண்டும். ஒரே ஒரு இடம். ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தை இன்று ஐந்து மணிக்குள் சிவகங்கையில் நேரில் கொடுக்க வேண்டும். அக்காவின் போனுக்கு அந்த ஃபார்ம் வந்து சேர்ந்ததே காலையில்தான். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் உண்டு. காரைக்குடியில் இன்றைக்குப் பார்த்து மாதாந்திரக் கரண்ட் கட். எங்கள் வரிசையில் இன்வெர்ட்டர் இருப்பது நான் வேலை பார்க்கும் இந்த ஜெராக்ஸ் கடையில் மட்டும்தான். அதனால்தான் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"படிச்ச பிள்ளைதானம்மா நீ? என்னன்னு பாரு" என்றார் முதலாளி முத்துராமன் அண்ணன், கல்லாவில் இருந்தபடியே. ஒரு நாளைக்குப் பத்து முறை இதைச் சொல்கிறார். நான் படித்தது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் கல்லூரி லேபில் முப்பது கம்ப்யூட்டர், ஓடியது பதினொன்று. புரோகிராமைப் பேப்பரில் எழுதி, அவுட்புட்டையும் பேப்பரிலேயே எழுதி பாஸ் செய்தேன். வீட்டில் முதல் டிகிரி என்று என் அப்பா, கொத்தனார், பட்டமளிப்புப் படத்தைப் பூசாத சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அந்த டிகிரியை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஊரார் ஆதாரை ஜெராக்ஸ் போடுகிறேன். இதெல்லாம் எங்கே போய்ச் சொல்ல. மறுபடி ஆன் செய்தேன். பிடிஎஃப் ரீடரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். வேறு ஒரு ரீடரையும் ஏற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் செத்தன. அப்போதுதான், ரீடரை விட்டுவிட்டு, பிரிண்டர் பட்டியலைத் திறந்தேன்.

வழக்கமாக எந்த பிரிண்டருக்குப் போக வேண்டும் என்று காட்டும் பச்சை டிக் எங்கள் பிரிண்டர் மேல் இல்லை. பக்கத்து போட்டோ ஸ்டூடியோ பிரிண்டர் மேல் இருந்தது. ஃபைல் திறக்கும்போதெல்லாம் ரீடர் அந்த பிரிண்டரைத் தேடுகிறது. கரண்ட் இல்லாத கடையில் அது எங்கே பதில் சொல்லும். கிடைக்காமல் காத்துக் காத்து எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது.

அந்த டிக்கை வைத்தது நான்தான். முந்தாநாள் சாயங்காலம். எனக்கும் அதே ஃபார்ம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடமாக டைப் செய்து நிரப்பினேன். வேறு வேலை தேடுகிறேன் என்று அண்ணனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஆள் மாற்றிவிடுவார். அதனால் ஸ்டூடியோ ஸ்ரீநிவாசனிடம் கெஞ்சி அவர் பிரிண்டருக்கு இங்கிருந்தே அனுப்பினேன். இரண்டு பிரதி என்று கொடுத்தேன். ஒன்று வந்ததும் தாள் தீர்ந்துவிட்டது. வந்தது போதும் என்று எடுத்துக்கொண்டு, நேற்றுப் பல் வலி என்று லீவு போட்டு, சிவகங்கை போய்க் கொடுத்துவிட்டும் வந்துவிட்டேன். நேற்று ஸ்டூடியோவும் பூட்டு, எங்கள் கம்ப்யூட்டரையும் யாரும் தொடவில்லை; இன்று காலை அவர் தாள் வைத்தபோது கரண்ட் இல்லை. அந்த இரண்டாவது பிரதி இன்னும் பட்டியலில் காத்துக் கிடந்தது, என் பெயரோடு.

மணி இரண்டு இருபத்தைந்து. ஒரே ஒரு கிளிக். எங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

"வைரஸ் ஸ்கேன் ஒண்ணு ஓட்டிப் பாப்போம்க்கா" என்றேன்.

என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்கேன் ஓடியது. பச்சைக் கோடு ஊர்ந்தது. அந்த வேலைக்குப் பத்தாவது போதும். அக்கா பன்னிரண்டாவது. நான் டிகிரி. ஆனால் ஃபார்மில் ஏழாவது கேள்வி, ஆதரவற்ற பெண்ணா என்பது. ஆம் என்றால் முன்னுரிமை. என் ஃபார்மில் அங்கே இல்லை என்று இருக்கிறது. அக்காவிடம் அதற்கான சர்டிபிகேட் கட்டைப்பையில் பிளாஸ்டிக் கவரோடு இருக்கிறது. பஸ் போய்விட்டால் அந்தக் கவர் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

முத்துராமன் அண்ணன் எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்று அக்காவைக் கேட்டார். "ஏம்மா, உன் போனைச் சொருகுனதுலேருந்துதானே இப்புடி? என்ன கண்ட கண்ட வீடியோ எல்லாம் வச்சிருக்கியோ. மெஷினு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "தெரியாம சொருகிட்டேண்ணே. நீக கோவிச்சுக்காதீக. பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக, அது பாவம் மத்தியானம் சாப்புடக்கூட இல்ல" என்றாள்.

என் மேல் விழ வேண்டியதை அவள் வாங்கிக்கொண்டு, என் சோற்றைப் பற்றி வேறு பேசுகிறாள். எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. "போனாலயும் இல்ல, வைரஸாலயும் இல்லண்ணே. செட்டிங்ஸ்தான்" என்றேன். யார் மாற்றியது என்று சொல்லவில்லை. ஸ்கேனை நிறுத்தினேன். டிக்கை மாற்றினேன். ஃபார்ம் சட்டென்று திறந்தது, ஒன்றுமே நடக்காததுபோல. காத்துக் கிடக்கும் என் பிரதியை அழிக்கப் பட்டியலைத் திறக்க வேண்டும். திறந்தால் என் பெயர் தெரியும். அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே விட்டு, அக்காவின் ஃபார்மை எங்கள் பிரிண்டரில் எடுத்தேன்.

"நீயே எழுதிக் குடு ராஜப்ரியா, அவசரத்துல நான் தப்பா எழுதிருவேன்" என்றாள் அக்கா. எழுதினேன். பெயர், ஊர், படிப்பு. ஏழாவது கேள்விக்கு ஆம். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே, "நம்ம ஊர்ல வேற யாரும் போட்ருக்காகளாடி?" என்றாள்.

"தெரியலக்கா."

மணி இரண்டு ஐம்பது. அக்கா ஃபார்மைக் கவருக்குள் வைத்து, வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். அப்போது கரண்ட் வந்தது. நேரத்துக்கு முன்னாலேயே. தெரு முழுக்க ஃபேன்கள் சுற்றத் தொடங்கின. சுவருக்கு அங்குட்டுப் பக்கம் ஒரு மெஷின் இருமி, முனகி, ஒரு தாளை இழுக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அக்காவின் செருப்பு வார் சிக்கிக்கொண்டது. குனிந்து அதை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீநிவாசன் தன் கடைப் படியிறங்கி இங்குட்டு வந்துகொண்டிருந்தார், கையிலிருந்த தாளை மை காய விசிறியபடி.