பதிமூன்றாம் பகுதி

"எதைப் பத்தி வேணும்னாலும் கேளுங்க. மீனாவைப் பத்தி மட்டும் வேணாம்."

"சரிங்க. கேக்க மாட்டேன்."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. இம்புட்டு வெளிப்படையாச் சொன்னீங்களே, அதுவே போதும்."

பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம், திருமங்கலத்தில் ஒரு காபிக் கடையில் தமிழ்மாறனும் பாண்டிச்செல்வியும் பேசிக்கொண்டது அது. கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது. செல்வி இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அவள் புளிக்குழம்பு வைத்த அன்றெல்லாம் அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். காய்ச்சலில் இறந்துபோன அவன் முதல் மனைவி மீனாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியாது. தெரியாத ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருப்பது போல் இருந்தது அவளுக்கு. ஒரு நாளாவது அவனே வாய் திறக்கமாட்டானா என்று காத்திருந்தாள்.

ஆனையூர் வீட்டின் முன்னறைதான் அவனுடைய எடிட்டிங் அறை. பதினான்கு வருடங்களுக்கு முன் ஒளிபரப்பான ஒரு தொடரைப் புதுப்பிக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருந்தது. பழைய ஆங்கிலப் பேய் மாளிகை நாவல் ஒன்றைத் தழுவி, டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பங்களாவில் எடுத்தது. விளக்கு வெளிச்சம் போதாமல் எடுத்ததால் இருட்டுக் காட்சிகள் முழுக்கப் புள்ளி புள்ளியாக நெளிந்தன. டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றி, மென்பொருளால் புள்ளிகளை அகற்றி, முகங்களைத் துலக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவு. அதனால் ஒரு பகுதி முடிந்ததும் அதன் பழைய பதிவை அழித்துவிடுவார்கள். அழிப்பது செல்வியின் பொறுப்பு.

அன்று மதியம் அவன் டவுனுக்குப் போயிருந்தபோது சேனலிலிருந்து இம்மானுவேல் பேசினார்.

"அண்ணன் இல்லையா தங்கச்சி? பதிமூணாவது பகுதியைச் சுத்தமே பண்ணாம அனுப்பிட்டாரு. படமா அது, எறும்புப் புத்தா? எங்க ஆளுக வேணாம்னு அழிச்சிட்டாங்க. இன்னைக்கே வேணும்மா."

"அனுப்பிர்றோம்ணே."

மறந்துவிட்டான் போல என்று நினைத்தாள். பதிமூன்றைத் திறந்தாள். படிக்கட்டின் மேலே ஒரு பெண் விளக்கோடு நின்றாள். புள்ளி மூட்டத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. மற்ற பகுதிகளுக்குக் கொடுத்த அதே அளவைக் கொடுத்து மென்பொருளை ஓடவிட்டாள். முடிந்ததும் பார்த்தாள். பளிங்கு போல ஒரு முகம், யாரோ அழகான நடிகை. வழக்கம்போலப் பழைய பதிவை அழித்துவிட்டு, அடுத்த பகுதியை ஏற்ற ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு வந்தவனிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து அந்தக் காட்சியை ஓடவிட்டான். நிறுத்தினான். மறுபடி ஓடவிட்டான்.

"பழசு எங்க?"

"எப்பவும் போல அழிச்சிட்டேன். ஏங்க?"

"அது மேலயே அடுத்ததை ஏத்திட்டியா?"

"பாதி ஏறிருச்சு. டேப் இருக்குல்ல?"

"பூஞ்சை புடிச்ச டேப்பு. ஒருவாட்டி ஓடுனதே பெரிசு, ஓடும்போதே அறுந்துருச்சு." திரையைப் பார்த்தபடியே சொன்னான். "அது மீனா."

வீட்டிலிருந்த இரண்டே போட்டோக்களில், பதிவு அலுவலக வாசலில் நின்ற மீனாவைச் செல்விக்குத் தெரியும். கன்னத்தில் அம்மை வடுக்கள், புருவத்தில் ஒரு வெட்டு. திரையில் வடுவும் இல்லை, வெட்டும் இல்லை. மென்பொருள் அவற்றையும் புள்ளிகளோடு சேர்த்துத் துடைத்திருந்தது.

"அவ நடமாடுறதைப் பாக்க இருந்த ஒரே படம் இதுதான். அதான் சுத்தம் பண்ணாம விட்டேன். குரல்கூட வேற ஆளு குடுத்தது. கட் சொல்றதுக்கு முன்னாடி சிரிப்பை அடக்குவா. இப்ப அதுவும் இல்ல, பொம்மை மாதிரி நிக்கிறா." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? நான்தானே பேசக் கூடாதுன்னேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அது இதற்குப் போதாது என்று தோன்றியது. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க எப்படி இருப்பாங்க, எப்படிச் சிரிப்பாங்க, எல்லாம் எனக்குச் சொல்லுங்க."