மார்கரெத்தாவின் முதல் மகன்கள்

...இல்லை, இவளுக்கு ஏன் போயும் போயும் இந்தச் சீமாட்டியைக் கொடுத்தார்கள், வகுப்பில் இருபத்துநான்கு பிள்ளைகள், சரித்திரப் பாடத்தில் ஆளுக்கொரு தலைப்பு, ஒருவனுக்குக் கொள்ளைநோய், ஒருத்திக்குக் கோட்டை கட்டுவது எப்படி, என் மகள் துஷ்யாவுக்கு மட்டும் பிளாண்டர்ஸ் தேசத்து மார்கரெத்தா, எழுநூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய பணக்காரி, நாட்டுக்கே வாரிசு... இரண்டு கிழமையாக அவள் ஒஸ்லோவில் எங்கள் ரொம்சோஸ் வீட்டில்தான் குடியிருக்கிறாள், குசினி மேசையில் அவளுடைய வம்சப்படம், சோறு போடும்போதும் அவளுடைய கதை. இன்றோடு தொலைந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் வந்தேன். பெற்றோருக்கான கூட்டம், மாலை ஆறு மணி, பின்னால் மேசையில் நான் பொரித்துக் கொண்டுவந்த மீன் ரோல்ஸ், பக்கத்துக் கதிரையில் என் கணவர் பாலேந்திரன் வேலைக் களைப்போடு, மடியில் கைப்பை, பைக்குள் நான்காய் மடித்த படிவம். அதை நினைக்கக் கூடாது. எங்கே, ஒரு நிமிடம் நினைக்காமல் இருந்து பார்ப்போம்... முடிகிறதா?

துஷ்யாவுக்கு இந்த நாட்டு மொழி நொஸ்க் தண்ணீர் பட்ட பாடு, பயமே இல்லாமல் பேசுகிறாள், பதினான்கு வயதில் எனக்கு இந்தத் தைரியம் எங்கே இருந்தது. மார்கரெத்தாவின் அப்பா கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குச் சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை, பின்னால் போன அம்மா வழியில் செத்துப்போனாள், மிஞ்சியது இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் நாட்டை ஆண்டாள், இளையவள் மார்கரெத்தாவைப் பத்து வயதில் புக்கார் என்ற ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். இரண்டு மகன்கள் பிறந்த பிறகு, அந்த மனிதன் முன்பே தேவாலயத்தில் துறவறப் பட்டம் வாங்கியவன், ஆகவே இது கல்யாணமே இல்லை என்று ரோமாபுரியில் தீர்ப்பு, அக்காளும் பிரிந்து வா வா என்று நச்சரிக்க, இவள் பிரிந்துபோய் இருபத்தொரு வயதில் இன்னொருவனைக் கட்டினாள். துஷ்யா அட்டையில் கையை வைத்துக் காட்டுகிறாள், இரண்டாம் கல்யாணத்துப் பிள்ளைகளுக்கு நேர்கோடு, முதல் இரண்டு மகன்களுக்கும் புள்ளிக்கோடு. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எனக்குக் காது சுடுகிறது, இந்த நவம்பர்க் குளிரில் முதுகு வியர்க்கிறது, யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா, இல்லை, எனக்குத்தான் அப்படி.

என் வம்சப்படத்திலும் ஒரு புள்ளிக்கோடு இருக்கிறது, பெயர் கோபிகன். அல்பேர்ட்டும் நானும் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுக் கல்யாணம் செய்தோம், அவர் வேதக்காரர், நாங்கள் சைவம், பிள்ளைக்கு ஆறு மாதமாக இருக்கும்போது மன்னாரில் இந்தியாவுக்குப் படகு ஏறினார், படகு கரை சேரவில்லை. பூரணி அக்காதான் முடிவு சொன்னாள். ஆருக்கும் தெரியாத கலியாண எழுத்து, மலர், நீ வெளிநாடு போய்ப் பிழைக்கிற வழியைப் பார், பெடியன் என்னோடை நிக்கட்டும். நின்றான், அவளை அம்மா என்றும் என்னைச் சின்னம்மா என்றும் சொல்லி வளர்ந்தான். நான் பாலேந்திரனைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தேன், பிள்ளைகள் உண்டா என்று படிவத்தில் கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதினேன். அக்கா இரண்டொரு முறை கேட்டாள்தான், அவனையும் கூப்பிடன் என்று. மனுசன் சம்மதிக்க மாட்டார் அக்கா, மூச்சு விடாதே என்றேன்... பெண் என்ன செய்வாள், அகதிக்கு வாக்கப்பட்டு வந்தவள், சொன்னபடிதானே நிற்க வேண்டும்.

இப்போது ஊரில் சண்டை, யாழ்ப்பாணப் பாதை பூட்டி மூன்று மாதம், பெடியன்களைத் தெருவில் வைத்தே பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அக்கா தொலைபேசியில் அழுகிறாள். பிறப்புப் பத்திரத்தில் தாய் என்று என் பெயர்தான் இருக்கிறது, அவன் அதை எப்போதோ பார்த்துவிட்டான், பார்த்த பிறகும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறான், அதைக் கேட்கும்போது பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருக்கும். தை மாதம் அவனுக்குப் பதினெட்டு. அதற்குள் தாய் விண்ணப்பித்தால் இங்கே கூப்பிடலாம், பதினெட்டு ஆனால் முடியாது. விண்ணப்பித்தால் பழைய பொய் வெளிவரும், என் குடியுரிமையைத் தோண்டுவார்கள், கோயிலில் என்னோடு உட்கார்ந்து மாலை கட்டுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கதைப்பார்கள், எல்லாவற்றையும் விட இதோ நிற்கிறாளே இவள், எனக்கு ஒரு அண்ணா இருக்கிறானா அம்மா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்... படிவம் பைக்குள் வந்து ஒன்பது நாள்.

கேள்விகள் உண்டா என்று ஆசிரியை கேட்டார். என் கை எப்படி உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது, ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவள் நான், பாலேந்திரனே திரும்பிப் பார்த்தார். என் உடைந்த நொஸ்கில், அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டேன். பாவம், அவளுக்கு வழியே இருக்கவில்லை என்று துஷ்யா சொல்லிவிட்டால் போதும், அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் சிரித்தாள், அம்மாவுக்கு விளங்க வேண்டும் என்று தமிழுக்கு மாறினாள்.

"முதல் இல்லை அம்மா, அப்ப அவ சின்னப் பிள்ளை. ஆனா அக்கா செத்தாப் பிறகு, நாப்பத்திரண்டு வயசிலை அவதானே நாட்டையே ஆண்டவ. அப்ப ஒருத்தரும் அவவைப் பிடிச்சு வைச்சிருக்கேல்லை. அவதான் முதல் மகன்மாரை விட்டிட்டு இரண்டாம் கலியாணத்துப் பிள்ளையளின்ரை பக்கம் நிண்டவ."

கைதட்டினார்கள். அந்த மண்டபத்தில் அந்தத் தமிழ் விளங்கியது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். எனக்கும் நாற்பது ஆகிறது... பாலேந்திரன் மகள் பேசிய பெருமையில் என் பக்கம் சாய்ந்து, "நல்லாச் சொன்னவள் என்ன" என்றார், இந்த மனிதருக்கு எதையும் மனதில் வைத்துக்கொண்டு குத்திப் பேசத் தெரியாது. இதே குரல்தான். கொழும்பில், விசாப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, "பெடியனையும் எழுதுவமே மலர்? என்னை அப்பா எண்டுதானே வளருவான்" என்றார். நான் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினேன். வேண்டாம் என்றேன். அவர் மறுபடியும் கேட்டார், எனக்குக் கோபம் வந்தது, ஊர் சிரிக்கும் என்றேன், நான்தான், என் வாயால்தான். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அக்காவுக்குச் சொன்னது வேறு. அக்கா அதைக் கோபிகனுக்கும் சொல்லியிருக்கிறாள். போன கிழமை தொலைபேசியை வாங்கி, குரலைத் தாழ்த்தி, "சின்னம்மா, சித்தப்பாட்டை இன்னுமொருக்காக் கேட்டுப் பாருங்கோவன், நான் அவருக்கு ஒரு கரைச்சலும் குடுக்க மாட்டன்" என்றான். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். துஷ்யா அட்டையைச் சுருட்டிக்கொண்டு எங்களை நோக்கி வருகிறாள், பாலேந்திரன் எழுந்து அவளுக்குக் கதிரையை இழுத்துப் போடுகிறார், இவரிடம் நான் எதைக் கேட்பது, இவர் பதினைந்து வருடங்களுக்கு முன்பே ஓம் என்று சொல்லிவிட்டாரே...