ஒட்டாத இரண்டு துண்டுகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவளான அக்காவின் சோதனைக் குழாய் மறுபடியும் ஒளிரவில்லை. பாக்டீரியாவிலிருந்து அவள் பிரித்தெடுத்த ரைபோசோம்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தால், பச்சையாக ஒளிரும் புரதம் உருவாகியிருக்கும்.

“எல்லாம் பூனையோட கைங்கரியம்தான்,” என்று பல்லைக் கடித்தாள். சத்தமில்லாமல் நடக்கும் சக ஆய்வாளனுக்கு அவள் வைத்த பெயர் அது. எல்லோரும் சோதனைக்கு எடுக்கும் பொதுக் கரைசலை இந்த வாரம் கலக்கும் பொறுப்பு அவனுடையது. எதையோ போட்டுத் தொலைத்திருக்கிறான்.

ரைபோசோம்களை, வேகமாகச் சுற்றி எடைவாரியாகப் பிரிக்கும் சுழலியில் இட்டுப் பார்த்தாள். ஒரே பட்டையாக நிற்கவேண்டியவை இரண்டாக நின்றன: சின்னத் துண்டு தனி, பெரிய துண்டு தனி. மரபணுவின் செய்தி இழையைச் சின்னது படிக்க, பெரியது புரதத்தைக் கோக்கும். சேராவிட்டால் வேலை ஏது? சேர்த்துப் பிடிப்பது கரைசலில் இருக்கும் மெக்னீசியம்; அதைக் கெடுக்கத்தான் எதையோ கலந்திருக்கிறான்.

கரைசல் பாட்டிலோடு அவன் முன்னால் போய் நின்றாள். “இதுல என்னத்தக் கலந்த?”

“எதையும் கலக்கல அக்கா. மெக்னீசியம்தான் போடல. பாட்டில்லயே எழுதி ஒட்டியிருக்கேனே.”

எழுதித்தான் இருந்தது. அவன் கையெழுத்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், படிப்பதே இல்லை.

“ஏன் போடல?”

“மெக்னீசிய உப்பு டப்பா உங்க அலமாரியில இருக்கு. யாரோ திருடுறாங்கன்னு நீங்கதானே பூட்டி வெச்சீங்க?”

“சாவி கேக்க வேண்டியதுதானே? வாய்க்குமா பூட்டு?”

“கேட்டேன் அக்கா. ‘உனக்கு எதுக்கு, என்ன திட்டம்’னு குடைஞ்சு எடுத்தீங்க. சாவிய மட்டும் கொடுக்கல.”

கோட்டுப் பைக்குள் அக்காவின் கை, தன்னையறியாமல், சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தது.